அட்மின் யார் கையில்? வீட்டு லேப்டாப்பில் பிள்ளைகள் கண்டுபிடிக்கும் சந்து பொந்துகள்

மே மாதம் வந்தால் கிருஷ்ணகிரியில் பள்ளிக்கூடத்துக்கு லீவு. மாம்பழக் கூழ் ஆலைகளுக்கோ அப்போதுதான் சீசன். நான் அப்படி ஓர் ஆலையில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். பெங்களூரா காய் லோடு லோடாக வந்து எடைமேடைக்கு வரிசை கட்டும்போது பில் போடுகிறவர்கள் நேரம் பார்த்துக் கிளம்ப முடியாது. வீட்டுக்காரருக்கு ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட். ஆக, பகல் முழுக்க வீட்டில் இருப்பது என் மாமியார், பத்தாவது போகப்போகிற பெரியவன், நாலாவது படிக்கிற சின்னவள், அப்புறம் ஒரு லேப்டாப்.

அந்த லேப்டாப்பில் மைக்ரோசாஃப்ட்டின் ஃபேமிலி சேஃப்டியைப் போட்டிருந்தோம். பகலில் ஒன்றரை மணி நேரம், ராத்திரி கிடையாது, இன்ன இன்ன தளம் வராது என்று எல்லாம் செட் செய்தாகிவிட்டது. வாரா வாரம் வருகிற ரிப்போர்ட்டும் ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் நான் வேலை முடிந்து வந்து தொட்டுப் பார்த்தால் லேப்டாப்பின் அடிப்பக்கம் இஸ்திரிப் பெட்டி மாதிரி கொதித்தது. "காலைலேர்ந்து பாடம்தாம்மா பாக்கறான், பாவம்" என்று அத்தை சொன்னார்.

எங்கள் ஆலையில் என்னோடு வேலை செய்கிற அம்மாக்களிடம் கேட்டால் பாதிப் பேர் இதையேதான் சொல்கிறார்கள். "ஆப் போட்டாச்சு, அப்படியும் விளையாடறான்." உடனே இன்னொரு ஆப் போடுகிறார்கள், சிலர் காசு கொடுத்து வாங்கியும் போடுகிறார்கள். நான் இதில் இறங்கிப் பார்த்துத் தெரிந்துகொண்டது, ஆப்பின் மேல் ஆப் போட்டுப் பயனில்லை என்பதுதான். அந்த மெஷின் யார் சொன்னால் கேட்கும் என்பதை முதலில் சரி செய்ய வேண்டும். அது சரியாகாத வரை மேலே போடுகிற எதுவும் நிற்காது. அடியிலிருந்து ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டு மேலே வர வேண்டும்.

முதலில் நிலவரம் என்ன என்று பார்க்க ஓர் எளிய வழி இருக்கிறது. பிரவுசர் ஹிஸ்டரியை நம்ப வேண்டாம், அதை அழிக்க ஒரு நிமிஷம் போதும். பிள்ளை பயன்படுத்தும் அக்கவுண்டில் நுழைந்து, செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதியில் டேட்டா யூசேஜ் என்று இருப்பதைத் திறந்து பாருங்கள். கடந்த 30 நாளில் எந்தெந்த ஆப் எவ்வளவு டேட்டா இழுத்தது என்று பெயர் போட்டுக் காட்டும். எங்கள் வீட்டில் அந்தப் பட்டியலின் உச்சியில் நாங்கள் யாருமே போடாத ஒரு பிரவுசரின் பெயர் இருந்தது.

இனி அக்கவுண்ட் விஷயம். இந்தப் பக்கம் நிறைய வீடுகளில் இருப்பது செகண்ட் ஹேண்ட் லேப்டாப்தான். பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலிருந்து கம்பெனிகள் கழித்த லேப்டாப்புகள் இங்கே கடைகளுக்கு வருகின்றன. விலைக்கு நல்ல மெஷின், குறை சொல்ல மாட்டேன். ஆனால் கடையில் விண்டோஸ் ஏற்றித் தரும்போது பாஸ்வேர்ட் இல்லாத ஒரு லோக்கல் அக்கவுண்டை (அந்த மெஷினுக்குள் மட்டும் இருப்பது) போட்டுத் தருவார்கள். அது அட்மினிஸ்ட்ரேட்டராக, அதாவது மெஷினில் எதையும் மாற்றும் உரிமை உள்ள அட்மினாக இருக்கும். நாம் வீட்டுக்கு வந்து பிள்ளைக்குத் தனியாக ஒரு மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் சேர்ப்போம். ஃபேமிலி சேஃப்டி கட்டுப்படுத்துவது அந்தப் பிள்ளையின் அக்கவுண்டை மட்டும்தான். லாகின் திரையின் இடது கீழ் மூலையில் பழைய அக்கவுண்டும் பெயரோடு நிற்கும். அதைக் கிளிக் செய்தால் நேரக் கணக்கு இல்லை, தடை இல்லை, ரிப்போர்ட்டும் இல்லை. வாசலுக்கு ரெண்டு பூட்டுப் போட்டுவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைப்பது போலத்தான்.

அதனால் அக்கவுண்ட்ஸ் பகுதிக்குப் போய் ஒவ்வொரு பெயருக்கும் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 'அட்மினிஸ்ட்ரேட்டர்' என்ற சொல் அப்பா அல்லது அம்மாவின் பெயருக்குக் கீழே மட்டும்தான் இருக்க வேண்டும். பிள்ளையுடையது 'ஸ்டாண்டர்ட் யூசர்' ஆக இருக்கட்டும். ஸ்டாண்டர்ட் யூசரால் புது அக்கவுண்ட் உருவாக்க முடியாது, லேப்டாப் முழுமைக்குமான செட்டிங்கை மாற்ற முடியாது. கடைக்காரர் போட்டுத் தந்த பழைய அக்கவுண்டில் உங்கள் ஃபைல் ஏதாவது இருந்தால் எடுத்துக்கொண்டு, அதை நீக்கிவிடுங்கள். மறைந்திருக்கும் பெயர்கள் உண்டா என்று பார்க்க, கமாண்ட் பிராம்ப்ட் என்னும் கறுப்புத் திரையைத் திறந்து 'நெட் யூசர்' என்பதை ஆங்கில எழுத்தில் அடித்தால் எல்லா அக்கவுண்டும் வரும். அதில் அட்மினிஸ்ட்ரேட்டர், கெஸ்ட், டிஃபால்ட் அக்கவுண்ட் என்பது போல விண்டோஸே வைத்திருக்கும் சில பெயர்களும் இருக்கும். அவற்றைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அதற்கு மேல் தெரியாத பெயர் இருந்தால்தான் கேள்வி.

அட்மின் நம் கையில் வந்தாலும், அதன் சாவி பிள்ளை கையில் இருந்தால் என்ன பயன்? நாலு இலக்க பின் நம்பர் என்பது பிள்ளைகளிடம் ஒரு நாள் தாங்காது. வண்டி நம்பர், கல்யாணத் தேதி, வீட்டு நம்பர் என்று வரிசையாகப் போட்டுப் பார்ப்பார்கள். இல்லாவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்து விரல் போகும் இடத்தைப் பார்த்துவிடுவார்கள். நான் என் அக்கவுண்டில் பின்னையே எடுத்துவிட்டு நீளமான பாஸ்வேர்ட் வைத்திருக்கிறேன். அப்புறம், "அம்மா, பிரிண்டருக்கு ஏதோ கேக்குது, பாஸ்வேர்ட் போட்டுட்டுப் போங்க" என்று கூப்பிடும்போது, அடுப்பில் குழம்பு கொதித்தாலும் சரி, அந்தப் பெட்டியில் எந்த புரோகிராமின் பெயர் இருக்கிறது என்று படித்துவிட்டுத்தான் போட வேண்டும். பிரிண்டர் என்று சொல்லிவிட்டு வேறு எதற்கோ அனுமதி வாங்கிக்கொள்வது மிகச் சுலபம்.

இதே வகையில் பலரும் கவனிக்காத இடம் நம் போன். பிள்ளை "இன்னும் நேரம் வேண்டும்" என்று கேட்டால் அந்த வேண்டுகோள் பெற்றவர்களின் போனுக்குத்தான் வருகிறது. ராத்திரி போன் சார்ஜில் கிடக்கும், பேட்டர்ன் லாக் என்ன என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கேட்பதும் அவனே, அனுமதிப்பதும் அவனே என்றாகிவிடும். வந்த நோட்டிஃபிகேஷனைத் தள்ளிவிட்டால் தடயமும் இருக்காது. போனில் அந்த ஆப்புக்குத் தனியாக ஆப் லாக் போடுங்கள், கைரேகை மட்டும் வைத்து. இன்னொன்று, அந்த ஃபேமிலி பக்கத்தை வீட்டு லேப்டாப்பின் பிரவுசரிலேயே திறந்து செட் செய்துவிட்டு சைன் அவுட் செய்யாமல் மூடிவிடுகிறோம். பிள்ளைக்கு அதற்கு மேல் வேறு வழியே தேவையில்லை.

நாங்கள் இவ்வளவும் செய்து முடித்த பிறகும் லேப்டாப் சூடு குறையவில்லை. விடை அவன் ஜாமெட்ரி பாக்ஸில் இருந்தது. காம்பஸ் தேடப் போய் ஒரு பென் டிரைவ் கையில் வந்தது. மேலே வெள்ளை டேப் ஒட்டி, நீல மையில் 'மாதிரி வினாத்தாள்' என்று அழகாக எழுதியிருந்தான்.

"இதுல என்னடா இருக்கு?"

"கொஸ்டின் பேப்பர்மா. தமிழ், மேத்ஸ், எல்லாம்."

போட்டுப் பார்த்தோம். வினாத்தாள்கள் உண்மையாகவே இருந்தன. அவற்றுக்குக் கீழே ஒரு ஃபோல்டர், அதற்குள் இன்னொரு ஃபோல்டர், அதற்குள் ஒரு பிரவுசர். இன்ஸ்டால் செய்யத் தேவையில்லாத வகை. இரண்டு முறை கிளிக் செய்தால் அப்படியே திறந்துகொள்ளும், அட்மின் பாஸ்வேர்ட் கேட்காது, மூடிவிட்டால் லேப்டாப்பில் ஹிஸ்டரியும் தங்காது. ஃபேமிலி சேஃப்டியின் தள வடிகட்டி மைக்ரோசாஃப்ட்டின் எட்ஜ் பிரவுசருக்குள் மட்டும்தான் வேலை செய்யும். அதை ஆன் செய்ததும் மற்ற பிரபலமான பிரவுசர்களைத் திறக்கவிடாமல் தடுத்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் அதிகம் பேர் கேள்விப்படாத பிரவுசர் அதில் சிக்காமல் போகலாம்.

நான் கத்தவில்லை. பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "எப்படிச் செய்வேன்னு எனக்குக் காட்டு" என்றேன். காட்டினான். பென் டிரைவைத் தடுத்துவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டேன். டெஸ்க்டாப்பில் காப்பி செய்துகொள்வானாம். இன்ஸ்டால் செய்யும் ஆப்புகளிலும் சிலவற்றுக்கு அட்மின் அனுமதியே தேவையில்லை என்பதையும் அவன்தான் சொன்னான். குரோமையே பிள்ளையின் சொந்த ஃபோல்டருக்குள் போட்டுக்கொள்ள முடியும். ராப்லாக்ஸ் விளையாட்டும் அப்படித்தான் உட்கார்ந்துகொள்கிறது. ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லித் தடுத்துக்கொண்டிருந்தால் நமக்கு ஆயுசு போதாது.

இதற்கு ஒரே வழியாக எனக்குப் பட்டது, எந்த புரோகிராம் ஓடலாம் என்று முடிவு செய்ய விண்டோஸிலேயே இருக்கும் ஆப்லாக்கர். பழைய கம்பெனி லேப்டாப் என்பதால் எங்களுடையதில் விண்டோஸ் புரோ இருந்தது. அதில் லோக்கல் செக்யூரிட்டி பாலிசி என்ற பகுதிக்குள் ஆப்லாக்கர் கிடைக்கும். 'டிஃபால்ட் ரூல்ஸ்' என்பதை உருவாக்கினால் ஒரே ஒரு சட்டம் அமலுக்கு வரும். புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரிலும் விண்டோஸ் ஃபோல்டரிலும் இருப்பது மட்டும்தான் எல்லோருக்கும் ஓடும், வேறு இடத்தில் இருப்பதை அட்மின் மட்டுமே ஓட்ட முடியும். விண்டோஸுக்குள் டெம்ப் போன்ற சில உள் ஃபோல்டர்கள் தவிர, அந்த இரண்டு ஃபோல்டருக்குள் எதையும் வைக்க ஸ்டாண்டர்ட் யூசருக்கு அனுமதி இல்லை. ஆக பென் டிரைவ், டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ் மூன்றும் ஒரே அடியில் அடைபடுகின்றன.

இதைச் செய்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. எக்ஸிகியூட்டபிள் பகுதிக்கு மட்டும் ரூல் போட்டு நிறுத்தாதீர்கள். 'பேக்கேஜ்ட் ஆப்ஸ்' என்ற பகுதிக்கும் டிஃபால்ட் ரூல் போட வேண்டும், இல்லாவிட்டால் கால்குலேட்டர் போன்ற விண்டோஸின் சொந்த ஆப்புகளே திறக்காமல் போகும். அடுத்து, 'அப்ளிகேஷன் ஐடென்டிட்டி' என்ற சர்வீஸ் ஓடிக்கொண்டிருந்தால்தான் இந்தச் சட்டம் எதுவும் வேலை செய்யும். முதலில் 'ஆடிட் ஒன்லி' என்று வைத்துச் சில நாள் ஓடவிட்டு, பள்ளிக்குத் தேவையான எதுவும் அடிபடவில்லை என்று பார்த்துக்கொண்டு, அப்புறம் அமலாக்குவது நல்லது. விண்டோஸ் ஹோம் வைத்திருப்பவர்களுக்கு அந்த பாலிசித் திரை கிடையாது. அவர்கள் ஃபேமிலி சேஃப்டியின் ஆப் பட்டியலை அடிக்கடி பார்த்து, புதிதாக வரும் பெயரைத் தடுத்துக்கொண்டே வர வேண்டியிருக்கும்.

மைக்ரோசாஃப்ட் ஸ்டோரை மறக்க வேண்டாம். அங்கிருந்து விளையாட்டை இறக்கவும் அட்மின் தேவையில்லை. ஃபேமிலி சேஃப்டியில் வயது வரம்பு வைத்தால் அதற்கு மேற்பட்டவை அனுமதி கேட்கும்.

அடுத்தது விண்டோஸையே சுற்றிக்கொண்டு போகிற வழி. என் கொழுந்தனார் +2 படிக்கும்போது அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப் வீட்டுப் பரணில் இருந்தது. 2011-இல் தொடங்கிய திட்டம் அது. அந்த லேப்டாப்புகள் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இந்திய இயங்குதளம் அது. ஆன் செய்தவுடன் எது வேண்டும் என்று கேட்கும். பெரியவன் அதை இறக்கி, சித்தப்பாவிடம் சார்ஜரையும் கேட்டு வாங்கி, லினக்ஸ் பக்கமாகப் போயிருக்கிறான். விண்டோஸில் நாம் போட்ட எந்தக் கட்டுப்பாடும் அந்தப் பக்கம் செல்லாது. அவன் லினக்ஸ் கற்றுக்கொண்டதில் எனக்கு உள்ளூரப் பெருமைதான், அதை அவனிடமும் சொன்னேன். ஆனால் வீட்டில் எத்தனை மெஷின் இருக்கிறதோ அத்தனையையும் கணக்கில் சேர்க்க வேண்டும், பரணில் கிடப்பது உட்பட.

அதே லினக்ஸை ஒரு பென் டிரைவில் ஏற்றி எந்த லேப்டாப்பையும் அதிலிருந்தே ஆன் செய்து இயக்கலாம், இதைத்தான் பூட் செய்வது என்கிறார்கள். ஆப்லாக்கர் இந்த இடத்தில் உதவாது, ஏனென்றால் விண்டோஸே அங்கே ஓடாது. இதை அடைக்கும் இடம் பயாஸ், அதாவது விண்டோஸ் ஏறுவதற்கு முன்பே வரும் லேப்டாப்பின் அடிப்படை செட்டிங். ஆன் செய்தவுடன் எஃப்2, எஃப்10, டெலீட் என்று கம்பெனிக்குத் தகுந்தபடி ஒரு பட்டனைத் தட்டினால் அந்தத் திரை வரும். அதில் சூப்பர்வைசர் அல்லது அட்மின் பாஸ்வேர்ட் வையுங்கள், யுஎஸ்பி பூட்டை நிறுத்துங்கள், செக்யூர் பூட் ஆன் ஆக இருக்கட்டும்.

ஆனால் கை வைப்பதற்கு முன் ஒன்று. உங்கள் லேப்டாப்பில் பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்கிரிப்ஷன் (டிஸ்கில் உள்ளதைப் பூட்டி வைக்கும் வசதி) ஓடிக்கொண்டிருந்தால், பயாஸில் மாற்றம் செய்தபின் விண்டோஸ் திறக்காமல் 48 இலக்க ரிகவரி கீ கேட்கலாம். அது பெரும்பாலும் அட்மினின் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் சேமிக்கப்பட்டிருக்கும். முதலில் அதை எடுத்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பயாஸ் பாஸ்வேர்டையும் அதே தாளில் எழுதி பீரோவில் பூட்டி வையுங்கள். அதை மறந்தால் சில மாடல்களில் மதர்போர்டு வரை மாற்ற வேண்டிவரும். எஸ்.பி. ரோட்டு லேப்டாப் வாங்கும்போதும் கடையிலேயே பயாஸைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பழைய கம்பெனி போட்ட பாஸ்வேர்ட் அப்படியே இருந்தால் அந்த மெஷின் வேண்டாம்.

நேரத்தைப் பற்றிச் சின்ன விஷயம். ஸ்டாண்டர்ட் யூசர் கடிகாரத்தை மாற்ற முடியாது, ஆனால் டைம் ஜோனை மாற்ற முடியும். இங்கே ராத்திரி மணி பத்து என்றால் லண்டனில் சாயங்காலம்தான். விண்டோஸ் புரோவில் அதே லோக்கல் செக்யூரிட்டி பாலிசியின் யூசர் ரைட்ஸ் பகுதியில், டைம் ஜோனை மாற்றும் உரிமையிலிருந்து 'யூசர்ஸ்' என்பதை எடுத்துவிட்டேன்.

இப்போது இணையம். நிறையப் பேர் இங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். எனக்கு இது கடைசிப் படி. தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் முகவரியைத் தேடித் தருவது டிஎன்எஸ். கிளவுட்ஃப்ளேர் நிறுவனம் குடும்பங்களுக்கென்று 2020-இல் இலவசமாகக் கொண்டுவந்த டிஎன்எஸ் 1.1.1.3, அதன் ஜோடி 1.0.0.3. ஆபாசத் தளங்களையும் வைரஸ் தளங்களையும் இவை வராமல் செய்யும். விளையாட்டையும் யூடியூபையும் தடுக்காது, அதை எதிர்பார்க்க வேண்டாம். ரவுட்டரில் போட்டால் வீட்டு வைஃபை முழுக்க வரும். ஆனால் ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்ட் அதன் முதுகிலேயே ஸ்டிக்கரில் அச்சடித்திருக்கும். அதை மாற்றாவிட்டால் நாம் போட்டதைப் பிள்ளை எடுத்துவிடும்.

லேப்டாப்பிலும் தனியாகப் போட வேண்டும், ஏனென்றால் ஹாட்ஸ்பாட் இருக்கிறது. ஆயாவின், அதாவது என் மாமியாரின் போனில் தினமும் வரும் டேட்டாவை ஆயா தொடுவதே இல்லை. பேரன் கேட்டால் எந்த ஆயா மறுப்பார்? விண்டோஸ் 11-இல் வைஃபையின் 'ஹார்ட்வேர் பிராப்பர்ட்டீஸ்' பகுதியில் டிஎன்எஸ் போட்டால் எந்த வைஃபையில் சேர்ந்தாலும், ஹாட்ஸ்பாட் உட்பட, அது கூடவே வரும். ஒரு குறிப்பிட்ட வைஃபை பெயருக்குள் போய்ப் போட்டால் அந்த ஒன்றுக்கு மட்டும்தான். இணைய முகவரியில் பழைய வகை ஐபிவி4, புது வகை ஐபிவி6. ஐபிவி4-க்கு மட்டும் போட்டு நிறுத்தினாலும் பாதி வேலைதான் ஆகியிருக்கும். இப்போது மொபைல் டேட்டாவில் ஐபிவி6 வழியாகவும் இணைப்பு வருகிறது. அந்தக் கட்டத்தில் 2606:4700:4700::1113 என்று போட வேண்டும். இதையும் தாண்டி ஒரு வழி உண்டு. போனைக் கேபிளில் செருகி யுஎஸ்பி டெதரிங் செய்தால் லேப்டாப் அதைப் புது அடாப்டராக எடுத்துக்கொள்ளும், வைஃபையில் போட்ட டிஎன்எஸ் அதற்குப் பொருந்தாது. பிரவுசருக்குள்ளும் 'செக்யூர் டிஎன்எஸ்' என்று ஒரு செட்டிங் இருக்கிறது, அதில் வேறு நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தால் நாம் போட்டது வீண். இதனால்தான் இணையத் தடையை மட்டும் நம்பக்கூடாது என்கிறேன். அக்கவுண்டோடு ஒட்டிய எட்ஜ் வடிகட்டி எந்த வழியாக இணைப்பு வந்தாலும் கூட நிற்கும். ஆயாவின் போனுக்கும் ஸ்கிரீன் லாக் போட்டுவிட்டோம். அத்தைக்கு முதலில் மனசில்லை. "எம் போனுக்கு எதுக்கும்மா பூட்டு?" என்றார். பென்ஷன் பணம் அந்த நம்பரில்தானே வருகிறது அத்தை என்று சொன்னதும் சரி என்றார். அதுவும் உண்மையான காரணம்தான்.

தடைகளைச் சுற்றிக்கொண்டு வேறு சர்வர் வழியாக இணையத்தைத் திறக்க பிரவுசரில் சேர்க்கும் இலவச விபிஎன் எக்ஸ்டென்ஷன் பற்றி மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். மற்ற வழிகளில் போவது விளையாட்டு நேரம். இதில் வீட்டுப் பணமே போகலாம். அந்த எக்ஸ்டென்ஷன்களில் பல, நீங்கள் திறக்கும் எல்லாத் தளங்களிலும் உள்ள தகவலைப் படிக்கவும் மாற்றவும் அனுமதி கேட்டு வாங்கிக்கொள்கின்றன. அதே பிரவுசரில் நீங்கள் நெட் பேங்கிங் திறந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பிள்ளைகளுக்கு இது தெரியாது, தெரிந்தால் செய்ய மாட்டார்கள். பெரியவனுக்கு அந்த அனுமதிப் பெட்டியைத் திறந்து வரி வரியாகப் படிக்கவைத்தேன். அன்றைக்கே அவனாக நீக்கினான். விளையாட்டுக் காயின் இலவசம் என்று சொல்லி ஓடிபி கேட்கும் ஆட்களும் இதே பக்கம்தான் திரிகிறார்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் கூப்பிட வேண்டிய எண் 1930 என்பதையும் அவன் நோட்டில் எழுதவைத்திருக்கிறேன்.

தளங்களைப் பெயர் சொல்லித் தடுப்பதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. ஒரு விளையாட்டுத் தளத்தைத் தடுத்தால் அதே விளையாட்டு கூகுள் சைட்ஸில் யாரோ செய்து வைத்த பக்கத்தில் கிடைக்கிறது. பள்ளிக்கூடங்கள் கூகுள் சைட்ஸைத் தடுக்காது என்று தெரிந்தே அங்கே வைக்கிறார்கள். தடுத்த பக்கத்தைக் கூகுள் டிரான்ஸ்லேட்டுக்குள் கொடுத்துத் திறப்பவர்களும் உண்டு.

இவ்வளவுக்குப் பிறகும் அவன் ஏன் இவ்வளவு பாடுபட்டான் என்று கேட்காமல் விட்டிருந்தால் புதுப் புது வழிகள் வந்துகொண்டேதான் இருந்திருக்கும். அந்தப் பென் டிரைவ் நாளில்தான் கேட்டேன். அவன் நண்பர்கள் எல்லோரும் ட்யூஷன் முடித்து ராத்திரி எட்டரைக்குத்தான் விளையாட வருவார்களாம். ஒருவன் ஊத்தங்கரையில் ஹாஸ்டல், லீவில் காவேரிப்பட்டணம் வந்திருக்கிறான். நாங்கள் கொடுத்த ஒன்றரை மணி நேரமோ பகலில். பகலில் அவனுக்கு விளையாட ஆள் இல்லை. அதனால் பகலில் தனியாக ஏதோ வீடியோ பார்த்துத் தீர்த்துவிட்டு, ராத்திரிக்கு வழி தேடியிருக்கிறான்.

நேரத்தை மாற்றினோம். ராத்திரி எட்டரையிலிருந்து ஒன்பதரை, நடு ஹாலில், ஆயா சீரியல் பார்க்கும் அதே இடத்தில், ஹெட்போன் போட்டுக்கொண்டு. மொத்த நேரம் முன்பைவிடக் குறைவு. ஆனால் அவனுக்கு வேண்டிய நேரம். அப்பாவும் ஷிஃப்ட் இல்லாத நாளில் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறார், யார் யாரோடு விளையாடுகிறான் என்று தெரிகிறது.

கூடவே ஓர் ஒப்பந்தம். கட்டுப்பாட்டில் புதிதாக ஒரு வழி கண்டுபிடித்தால், பயன்படுத்துவதற்கு முன் எங்களிடம் காட்டினால் ஞாயிற்றுக்கிழமை கூடுதல் நேரம். காட்டாமல் பயன்படுத்தி நாங்கள் கண்டுபிடித்தால் அந்த வாரம் விளையாட்டு இல்லை. டெதரிங், டைம் ஜோன் இரண்டும் அவன் காட்டியதுதான். சில அப்பாக்கள் இதைக் கேட்டுவிட்டு, "திருட்டுத்தனத்துக்கு பரிசா?" என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு நம்மைவிட இதில் அறிவு அதிகம். அந்த அறிவு நம் பக்கம் இருப்பது நல்லது. பயந்து மறைக்கும் பிள்ளை, நாளைக்கு யாராவது ஆன்லைனில் மிரட்டினாலும் மறைக்கும்.

பெரிய விண்டோஸ் அப்டேட் வந்த பிறகு ஒரு முறை எல்லாவற்றையும் சரிபார்க்கிறேன். அக்கவுண்ட் வகை மாறவில்லையே, ஆப்லாக்கர் சர்வீஸ் ஓடுகிறதா, டிஎன்எஸ் அப்படியே இருக்கிறதா, அவ்வளவுதான். யாராவது லேப்டாப்பை முழுக்க ரீசெட் செய்துவிட்டால் எல்லாம் போய்விடும், முதலில் அதைத் திறந்து செட் செய்பவர் அட்மின் ஆகிவிடுவார். பழைய ஃபைல்களும் வால்பேப்பரும் காணாமல் போவதால் அதைக் கண்டுபிடிப்பது சுலபம். இன்னும் விண்டோஸ் 10 ஓட்டுகிறவர்கள், அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது என்பதையும் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சின்னவளுக்கு இவ்வளவு எதுவும் தேவைப்படவில்லை. ஒன்பது வயதுக்கு, 'அனுமதித்த தளங்கள் மட்டும்' என்ற ஒரே செட்டிங் போதும். தடுக்கும் பட்டியல் கிடையாது, திறக்கும் பட்டியல் மட்டும். பாடநூல் இறக்கும் அரசுத் தளம், அவள் டீச்சர் சொன்ன இரண்டு தளங்கள், படம் வரையும் தளம் ஒன்று. புதிதாக ஏதாவது வேண்டுமென்றால் அவள் அக்கவுண்டிலிருந்து அனுமதி கேட்பாள், எனக்கு ஆலையில் போன் அதிரும். லாரிக்கு லாரி இடைவெளியில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு, சரி அல்லது வேண்டாம் என்று தட்டிவிடுகிறேன். வேண்டாம் என்றால் ஏன் என்று வீட்டுக்கு வந்ததும் அவளிடம் சொல்லிவிடுகிறேன்.